தொள்ளாயிரத்துச் சொச்சம் நாள்

மார்ச் 3, செவ்வாய்
ஆய்வகத்தில் இன்று நான்கு பல்செட் முடித்தேன். ஒரு கடைவாய்ப்பல்லின் நிறம் ஒத்துவராமல் பாதி நாளை விழுங்கிவிட்டது. மாலை தியானக் கூடம். நாங்கள் எல்லோரும் கைப்பேசியில் போட்டுவைத்திருக்கும் தியானச் செயலி எனக்கு விடாமல் 991 நாள் என்று காட்டுகிறது. எங்களுக்குத் தியானம் சொல்லித்தரும் பௌத்தத் துறவி, பிக்குணி, அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

மார்ச் 4
செயலியை ஓடவிட்டுத் துணி மடித்தேன். 992.

மார்ச் 7, சனி
பிக்குணி தனியே கூப்பிட்டார். என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். இருந்தும் அவர் முன்னால் நான் பள்ளிக்கூடப் பிள்ளைதான்.
"புதன்கிழமை புதுசா வர்றவங்களை இனிமே நீங்க பாத்துக்கறீங்களா? உங்க அளவுக்கு உட்கார்றவங்க இங்க யாரும் இல்ல."
தலையாட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 8
இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நான் தூங்குகிறேன். மூன்று வருடமாக, கண்ணை மூடினால் தூக்கம். தூக்கம் வராத நாளில் துணி மடிப்பு. ஆனால் வாரம் ஒருமுறை அவரிடம் அனுபவம் சொல்ல வேண்டுமே! மூச்சு மெலிசானது, வெளிச்சம் மாதிரி வந்தது என்று எங்கோ படித்ததையெல்லாம் அவிழ்த்துவிடுவேன். அவர் முகம் மலரும். அந்த முகத்துக்காகத்தான் இத்தனை புளுகும். சொன்னால் அந்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால் பத்துப் பேருக்கு என் புளுகைப் பாடம் நடத்த வேண்டும். ஐயோ, வசமா மாட்டிக்கிட்டேனே!

மார்ச் 9
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் குறட்டை எனக்குத் தெரியாதா? அந்தம்மாவுக்குத்தான் தெரியல" என்றார். சிரிப்பு வேறு.

மார்ச் 10, செவ்வாய்
சொல்லிவிட்டேன். துணி மடித்தது வரை எல்லாம்.
பிக்குணியின் முகம் வாடித்தான் போனது. "அந்த வெளிச்சத்தப் பத்தி எத்தனை பேர்கிட்ட உதாரணமா சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றார். பிறகு அவரே, "எனக்கும் அதக் கேக்க இனிப்பா இருந்துச்சு. அதான் திருப்பி ஒரு கேள்விகூடக் கேக்கல. தப்பு எம்மேலயும் இருக்கு" என்றார்.
புதன்கிழமை வகுப்பு எனக்கு இல்லை. தான் சொன்ன உதாரணங்கள் தவறு என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப்போகிறாராம். என் பெயரை இழுக்கமாட்டாராம்.
எழுந்தபோது, "தூங்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன தெரியுதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார். துரத்திவிடுவார் என்று போனவளுக்கு வீட்டுப்பாடம்! வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 12
இன்று ஆயிரமாவது நாளாக இருந்திருக்கும். காலையிலேயே செயலியைக் கைப்பேசியிலிருந்து தூக்கிவிட்டேன்.

மார்ச் 14
ஒன்றும் கவனிக்கவில்லை. நேரே குறட்டைதான்.

மார்ச் 16, திங்கள்
இன்று பார்த்துவிட்டேன். வலது முழங்காலில் குடைச்சல். பிறகு பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம். அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. விழித்தபோது கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
நாளை செவ்வாய்க்கிழமை. அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது.