எப்பா என்று கூப்பிட்டார்கள்

மூட்டையில் குத்தித் தூக்குகிற உங்கள் சாக்குக் கொக்கி துருப்பிடித்துவிட்டது. இன்று அதை எடுத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். மரப்பிடியில் இன்னும் சணல் வாடை இருக்கிறது. அழக்கூடாது என்றுதான் வேலையைக் கையில் எடுத்தேன். எங்கே முடிகிறது!

கடல் தாண்டி இந்தக் கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்த புதிதில், "நாலு வார்த்தை சிங்களம் கத்துக்கிட்டா என்னவாம்?" என்று உங்களை நச்சரிப்பேன். "மூட்டைக்கு எந்த பாஷை புள்ள? தூக்குனா வருது" என்று சிரிப்பீர்கள். துறைமுகத்தில் உங்களோடு மூட்டை தூக்கியவர்கள் எல்லாரும் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள். ஆள் குறைந்த அன்று உங்களைச் சிங்களவர்கள் வேலைசெய்த வேறொரு கப்பலுக்கு அனுப்பும்வரை நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"வேண்டாமென்று கத்தியும் கேளாமல், தொங்கிய சுமைக்குக் கீழே போனான்" என்று உங்கள் சாவு விசாரணையில் சொன்னார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். எச்சில் துப்பவும் இடம் பார்க்கிற மனிதர் நீங்கள். பற்றி எரிந்தது எனக்கு.

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து கிளார்க் ஐயா இருக்கிறார். அவரிடம் போய்க் கத்தினேன். "தங்கச்சி, வருசா வருசம் அரசாங்க அறிக்கை பாக்கிறனான். தேயிலை ஆலை, காரீயச் சுரங்கம், ரயில், துறைமுகம், எல்லா இடத்திலயும் சாவு கூடிக்கொண்டுதான் போகுது. காரணம் மட்டும் மாறேல்லை, கவனக்குறைவுதான்" என்றார். இந்தத் தீவில் செத்தவர்கள் எல்லாருமா கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள்?

பிறகு ஒருநாள், அன்று சுமையிறக்கும் யந்திரத்தை ஓட்டிய சிங்களவர் நம் வாசலில் வந்து நின்று தேம்பினார். "மம எப்பா கிவ்வா நோனா, எப்பா, எப்பா கிவ்வா." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளார்க் ஐயாதான் சொன்னார்: "சிங்களத்தில எப்பா எண்டால் வேண்டாம் எண்டு அர்த்தம். வராதே எண்டு கத்தியிருக்கிறான்."

அன்று கூட நின்ற பையன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: "அண்ணே அந்தச் சுமையைத் தாண்டித்தான் போயிட்டாரு அக்கா. குரல் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே திரும்பி வந்தாரு."

நம் ஊரில் எப்பா என்றால் கூப்பிடுவதல்லவா? கூப்பிட்டால் மறுக்காமல் போகிறவரல்லவா நீங்கள்? கேளாமல் போனீர்கள் என்று எழுதிவிட்டார்களே. கேட்டதால்தானே வந்தீர்கள். இதை நான் எந்தத் துரையிடம் போய்ச் சொல்வேன்? சொன்னேன், சிரித்தார்கள்.

இப்போது துறைமுக வாசலில் ஆப்பம் சுட்டு விற்கிறேன். ஊரிலிருந்து வந்த புது முகம் தெரிந்தால், "எப்பான்னா என்னப்பா?" என்று கேட்பேன். "கூப்பிடுறது" என்பான். "இல்ல. இங்க அதுக்கு வேண்டாம்னு அர்த்தம். கேட்டா அங்கேயே நின்னுடு." அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஆப்பம்.

இன்று காலை உள்ளேயிருந்து யாரோ "எப்பா!" என்று கத்தினார்கள். ஆப்பம் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். நான் மட்டும் அடுப்பை விட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் ஓடினேன். உங்களைக் கூப்பிடுவது போலவே இருந்தது.