ரோலர் ஆறும் நேரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் பதில் வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கால் வீக்கம் குறைந்ததா? வாளி தூக்காதே, குனிந்து துடைக்கிற வேலையை மாப்பிள்ளையிடம் விடு, அதில் அவர் கௌரவம் ஒன்றும் தேய்ந்துவிடாது.

பிரசவத்துக்கு முன்பே வருகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு சிக்கல் வந்து இப்போது தீர்ந்திருக்கிறது, பயப்படாமல் படி. எங்கள் சலவைக்கூடத்தில் சாயங்காலம் வேலை முடிகிற மணி அடித்ததும் பெரிய இஸ்திரி ரோலரை அப்படியே நிறுத்த முடியாது, சூட்டோடு நின்றால் அதன் மேல் சுற்றியிருக்கும் துணி கருகிவிடும். ஆறும் வரை ஒருத்தி பக்கத்தில் நின்று வெறுமனே ஓட்ட வேண்டும், இருபது நிமிடம் போல ஆகும். அந்த நேரம் சேரச் சேர விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம். உன்னிடம் வர வேண்டுமே என்று எல்லாருடைய முறையையும் நானே கேட்டு வாங்கி நின்றேன். ரோலரையே கட்டிக்கிட்டுத் தூங்கப் போறீங்களாக்கா என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்தார்கள்.

முன்பெல்லாம் மேற்பார்வை பார்க்கிற அம்மாளே பார்த்துக் குறித்துக்கொள்வார். இப்போது வாசலில் விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. அதன் சாஃப்ட்வேரில் விதிகளைப் போட்டது யார் தெரியுமா, படிப்பை நிறுத்தியதிலிருந்து அங்கே ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் சின்னவள்தான். விற்ற கம்பெனிக்காரர் போனில் சொல்லச் சொல்ல இவள் போட்டிருக்கிறாள். வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் மெஷின் பக்கத்தில் இருக்கிற கால் மணியாக மாற்றிக்கொள்ளும், அரை மணி தாண்டினால்தான் ஓவர்டைம்; நாங்கள் நிற்கிற இருபது நிமிடம் கால் மணியாகச் சுருங்கிக் கணக்கிலேயே வராது. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றாராம். ரோலர் ஆறுகிற நேரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் பார்த்தால் எனக்கு விடுப்பு துளிகூட ஏறவில்லை. ஆவியில் தேய்ந்த என் விரலை மெஷினுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் சிரித்தேன். சின்னவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அது உன் விரல் இல்லம்மா, நான் போட்ட விதி" என்றாள். விட்டுவிடு, பெற்றவளுக்காகக் கேட்கிறாள் என்பார்கள், நான் பிரசவம் ஆன பிறகே போய்க்கொள்கிறேன் என்றேன். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிற பெண், மறுநாள் தானாக மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறாள். இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுதுடி என்று அதட்டித்தான் எழுத வைக்கிறேன். உங்க அம்மாவுக்காகவா வந்தே என்று அவர் கேட்டாராம். "அம்மாவுக்கும்தான் சார். ஆனா யார் நின்னாலும் ரோலர் ஆற அதே நேரம்தான் ஆகும்" என்றிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மேனேஜரே நேரே வந்து, ரோலர் ஆறும் வரை என் பக்கத்தில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, நடுவில் உட்கார இடம் தேடினார், அங்கே ஏது இடம். மறுநாள் கால் மணி, அரை மணிக் கணக்கை எடுத்துவிட்டு நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிற மாதிரி மாற்றச் சொல்லிவிட்டார். நாங்கள் விரல் வைத்த நேரம் உள்ளே அப்படியே இருந்ததால் போன மாதமும் சரியாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை கேள். காலையில் நான் நாலைந்து நிமிடம் பிந்துவது உனக்குத் தெரியும், கால் மணிக் கணக்கு இருந்தவரை அது வெளியே தெரியவில்லை, இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அம்மா என்று பார்த்து அதை மட்டும் விட்டுவிடேன் என்று சின்னவளிடம் கேட்டேன். முடியாது என்கிறாள். அதைச் சொல்ல மட்டும் கூச்சம் வரவில்லை.

அதைக் கழித்தும் விடுப்பு போதும். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவேன். பஸ்ஸுக்கு மாப்பிள்ளை மட்டும் வரட்டும், நீ அலையாதே. மாத்திரையை மறக்காதே. நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன்னிடம் வர நாள் எண்ணும்
அம்மா

அக்கா, இது நானாக எழுதுவது. அம்மா புறப்படும் நாளிலிருந்து ரோலர் முறையை எனக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதில் விடுப்பு சேர்த்து, பாப்பாவுக்குத் தலை நிற்பதற்குள் நானும் வந்துவிடுவேன்.