நெலிதாவிடம் பதிந்த விரல்

என் தங்க மகனே,

மருத்துவமனையிலிருந்து வந்தபின் தினமும் வருகிறாய், என்னோடு மாத்தே தேநீர் குடிக்கிறாய், போகிறாய். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. உன்னை அங்கே படுக்கவைத்த அந்தத் திருட்டுக் கஞ்சாவில் என்ன கலந்திருந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை.

நம் உருகுவேயில் மருந்துக்கடையிலேயே சுத்தமானது கிடைக்கும்போது அவன் ஏன் திருட்டுத்தனமாக விற்பவனிடம் போகிறான் என்று உன் தங்கையிடம் கேட்டேன். கடையில் வாங்க முதலில் அஞ்சலகத்தில் பெயர் பதியவேண்டும், அங்கே பதிவு செய்யும் நெலிதா என்னோடு மாதா கோயிலில் பாடுகிறவள், அதனால் ஊரில் எனக்குத் தலைகுனிவாகும் என்று அவளிடம் சொன்னாயாம்.

நேற்று நானே அஞ்சலகத்துக்குப் போனேன்.

"வாங்க டெல்மிரா, பென்ஷன் விஷயமா?"

"இல்லடி. கஞ்சா வாங்க என் பேரைப் பதியணும்."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"இந்த வயசுலயா? சாமியார் கேட்டா மயங்கி விழுந்துடுவாரு!"

"அவருக்கும் ஒரு படிவம் எடுத்து வை."

பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல், கைரேகைக் கருவியில் மூன்று முறை பதியவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு நான்காம் முறை வைத்தேன், பதிந்தது.

நான் எதுவும் வாங்கப்போவதில்லை. நீ இதை விடவேண்டும் என்றுதான் இன்றும் ஜெபிக்கிறேன். விடும்வரை நீ உயிரோடு இருக்கவேண்டும். திங்கட்கிழமை போய்ப் பதிந்துகொள். உன்னை யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். ஊர் பேசுவதற்கு இப்போது நான் இருக்கிறேன்.

உனக்காக முழங்காலிடும்
அம்மா