ஐம்பது கிராம் ஓட்ஸ்

வடசேரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜினிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அம்மாவும் நானும் இப்போது சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜெனித்தும் அந்தக் குளிரில் சுகமாய் இருக்க ஜெபிக்கிறோம். இப்போது என்று ஏன் எழுதினேன் என்று யோசிப்பாய். போனில் சொல்லப்போனால் அம்மா பிடுங்கி, ஒண்ணுமில்ல மக்ளே என்று முடித்துவிடுகிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் வலது கைக்கு மாவுக்கட்டு போட்டதிலிருந்து அடுக்களை என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குத் தந்த சாப்பாட்டு அட்டவணையில் எல்லாம் கிராம் கணக்கு, காலையில் ஓட்ஸ் ஐம்பது கிராம், ராத்திரி கோதுமை மாவு அறுபது கிராம் என்று. வீட்டில் தராசு கிடையாது. ஜெனித் போன வருஷம் விட்டுப்போன பால் குப்பியில் பத்து, இருபது என்று கோடு இருந்தது. பக்கத்தில் மி.லி. என்று போட்டிருந்ததையும் பார்த்தேன், ஆனால் மில்லியும் கிராமும் ஒன்றுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஐம்பதாவது கோடு வரை ஓட்ஸ் போட்டு, கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்து, ஒன்பது நாள் கஞ்சி வைத்தேன். தண்ணீராய்த்தான் இருந்தது. சர்க்கரைக்காரர்கள் கஞ்சி இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம், என்னைப் பார்த்துத் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரையைப் பிரித்தேன் மக்ளே. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு ஷைஜா, அதுதான் கேக் செய்து விற்கிறாளே அவள், மாத்திரையைத் தட்டிவிட்டு சர்க்கரை பார்க்கிற மெஷினில் குத்திப் பார்த்தாள். ஏறவில்லை, ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்து, அம்மா என் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம், மாத்திரையைக் குறைத்திருக்கிறார். திரும்பி வந்ததும் ஷைஜா தன் தராசைக் கொண்டுவந்து, குப்பியில் நான் அளக்கிற ஓட்ஸைக் கொட்டினாள். மாமா, இது பதினெட்டு கிராம்தான் இருக்கு, அத்தை கஞ்சியா குடிச்சாவ, வெறும் மாத்திரையில்லா தின்னுருக்காவ என்றாள். நீ ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். நீங்க கண்ணாடியப் போட்டு அளந்து அளந்து வச்சிய, அதுல கொறயுதுன்னு எப்பிடிச் சொல்ல என்கிறாள். ஒன்பது நாள் பசியோடு இருந்திருக்கிறாள்.

மறுநாளே கோட்டாறு போய்த் தராசு வாங்கினேன். வாங்கின பிறகுதான் குழப்பம் கூடிவிட்டது. அதே குப்பி, அதே ஐம்பதாவது கோடு. தண்ணீர் ஐம்பது கிராம், எண்ணெய் நாற்பத்தாறு, அரிசி நாற்பத்திரண்டு, மாவு இருபத்தேழு, அதே மாவைத் தட்டி நிரப்பினால் முப்பத்து மூன்று. உப்பு மட்டும் அறுபதைத் தாண்டுகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், டீசலை லிட்டரிலும் அரிசியைக் கிலோவிலும் வாங்கத் தெரியும், இரண்டும் ஒரே குப்பிக்குள் வந்தால் தலை சுற்றுகிறது. அட்டவணையில் மத்தியானம் சோறு நூற்றைம்பது கிராம் என்றிருக்கிறது. அது வெந்த சோறா, வேகாத அரிசியா? அம்மா வெந்தது என்கிறாள், ஷைஜாவும் அதைத்தான் சொல்கிறாள், ஆனால் அம்மா சொல்வதை இனி நான் எப்படி நம்ப? அட்டவணையைப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஒவ்வொன்றும் எத்தனை கரண்டி என்று தமிழில் எழுதி அனுப்பு.

கர்த்தர் உங்கள் மூன்று பேரோடும் இருப்பாராக. மத்தியானம் சாப்பிட நேரமில்லை என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னது போன் வழியே என் காதிலும் விழுந்தது. பசித்தால் பசிக்கிறது என்று யாரிடமாவது வாய்திறந்து சொல், உன் அம்மாவைப் போல இருக்காதே.

உன் அப்பா,
யேசுதாசன்