வாளித் தண்ணீரில் கால்

2009 ஏப்ரல், ஞாயிறு இரவு

விழுப்புரத்தில் எங்கள் தபால்வழிப் படிப்புக்கான ஞாயிறு வகுப்பு முடிந்து, அண்ணனோடு பைக்கில் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டி மெல்ல ஒரு லாரியின் பக்கமாகப் போயிற்று. கூப்பிட்டேன், பதில் இல்லை. தோளைக் கடித்தேன். அப்புறம்தான் திடுக்கிட்டு ஓரங்கட்டினான்.

"தூங்கிக்கினா ஓட்டுற?"

"தூங்கலடி, கண்ணு எரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லிடாத."

பகலெல்லாம் அவனுக்கு அரிசி மில்லில் வேலை. ராத்திரி தூக்கம் வராமலிருக்க வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறான். அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. இன்று சாப்பிடும்போதும் ஆரம்பித்துவிட்டாள்.

"உங்கண்ணன் எப்படி முழிச்சிக்கினு படிக்கிறான்! நீ சாப்ட்ட கையோட கொறட்டை விடுற."

அண்ணன் தட்டைவிட்டு நிமிரவில்லை.

வாளியை என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். பைக் சாவி தலையணைக்குக் கீழே இருக்கிறது. சற்று முன் அண்ணன் வந்து நின்றான்.

"வாளி எங்கடி?"

"தெரியாது. போய்ப் படு."

முறைத்துவிட்டுப் போனான். அப்பாடா, இன்றைக்காவது தூங்குவான் என்று நினைத்தேன். இப்போது குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அம்மாவின் குரலும் கேட்கிறது.

"வாளி இல்லன்னா இன்னாடா? துணி ஊறவைக்கிற டப்பு இந்தா. இதுல கால வச்சிக்கினு படி."

பேனாவை மூடுகிறேன். அம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும்.