தோல் படிக்கப் போனவன்

லியோன்,
14 அக்டோபர் 1934

சேசு மரி சூசை

அன்பு மிகுந்த அக்கா ஸ்டெல்லாமேரிக்கு,

தம்பி தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. நான் சுகம். இந்த ஊர்க் குளிர்தான் அப்பா வாங்கித் தந்த கம்பளியை மதிப்பதே இல்லை.

ரசாயனத்தில் கடைசி வருஷம் தொடங்கிவிட்டது. வருஷ முடிவுக்குள் எந்தத் தொழிலுக்குப் போவது என்று தீர்மானித்தாக வேண்டும். அதற்காகச் சர்வகலாசாலையில் வியாழக்கிழமைதோறும் எங்களை ஓர் ஆலைக்கு அனுப்புகிறார்கள். முதலில் மின்சார நிலையம். அங்கே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது, அரை நாளில் மண்டை இடித்தது. அடுத்து பட்டுக்குச் சாயம் போடும் ஆலை. அங்கே வேலை செய்பவர்களின் நகத்தைப் பார்த்தே அன்றைக்கு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். போன வாரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே அறை. என் கை எலும்பை நானே பார்த்தேன், அக்கா! 

இன்னும் எதிலும் மனம் ஒட்டவில்லை. கோர்ட்டு குமாஸ்தா மகன் சட்டம் படிக்காமல் போனானே என்று அப்பாவுக்கு இப்போதும் குறைதான். அவரைச் சமாளிப்பது உன் பொறுப்பு.

உன் தம்பி,
தனிஸ்லாஸ்


புதுச்சேரி,
20 நவம்பர் 1934

சேசு மரி சூசை

அருமைத் தம்பிக்கு,

கையை மட்டும் ஏன் காட்டினாய்? தலையையும் அந்த எக்ஸ்-ரேயில் வைத்துப் பார்க்கச் சொல். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சாய ஆலை என்றதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இங்கே மில்லில் சாயக்கூடத்துக்கு இன்னும் வெள்ளைக்காரரைத்தான் கப்பலில் வரவழைக்கிறார்கள். “எம் புள்ள, இந்த அருளானந்தம் மவன்னு அந்த நாற்காலியில உக்காரட்டும்” என்று பூசை முடிந்து வரும்போது வழியெல்லாம் சொல்லிவிட்டார். பாதி ஊருக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு சேதி உண்டு. காரைக்காலிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. பெயர் அலெக்சாண்டர், சுங்கத்தில் உத்தியோகம். தாயில்லாதவர், அத்தை வளர்த்தவர். அந்த அத்தைதான் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு இருபத்தேழு முடியப்போகிறது. முன்பு வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது உனக்குத் தெரியும். நம் அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவள் எழுதியிருப்பாள். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், தம்பி, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். மாதாவிடம் எனக்காக வேண்டிக்கொள்.

உன் அக்கா,
ஸ்டெல்லாமேரி


லியோன்,
3 பிப்ரவரி 1935

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! எனக்கான தொழில் கிடைத்துவிட்டது. உடனே அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

தோல். ஆமாம், தோல் பதனிடும் ரசாயனம். போன மாதம் ஒரு தோல் ஆலைக்குப் போனபோது வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். திரும்பும்போது கதவடைக்கப் போகிறோம் என்று சொல்லி என்னை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. உரித்த தோல் நாலு நாளில் அழுகிவிடும். பட்டைச் சாற்றில் ஊறினால் நூறு வருஷம் நிற்கும். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பெரிய பேராசிரியர்களுக்கே முழுசாகத் தெரியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே நெய்த துணி மாதிரி இழை இழையாக இருக்கிறது.

இன்னொன்று கேள். ஒரு மூட்டையைப் பிரித்தார்கள், குப்பென்று ஆவாரம்பட்டை வாசனை! சென்னையிலிருந்து கப்பலில் வந்த தோல். நம் பக்கத்தில் அரைகுறையாகப் பதனிட்டு இங்கே அனுப்பி, காலில் போடும் சப்பாத்தாகத் திரும்ப வாங்குகிறோம். ஏன், நாமே முழுசாகச் செய்தால் என்ன? நான் திரும்பி வந்து சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பட்டறையும் ஆய்வுக்கூடமும் போடுவேன், பார்.

இப்போது தினமும் முழங்கை வரை சுண்ணாம்புத் தொட்டியில்தான் இருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

உன் தம்பி,
தனிஸ்லாஸ்


புதுச்சேரி,
5 மார்ச் 1935

சேசு மரி சூசை

தம்பி,

இப்படி ஓர் இடியை இறக்குவாய் என்று யார் கண்டது? நானும் முன்கூட்டிப் பார்க்காமல், உறையைக் கிழித்த கையோடு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘தோல்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். “மேல படி” என்றார். சுண்ணாம்புத் தொட்டி வரைக்கும் படித்தேன். கடிதத்தை வாங்கி, கண்ணருகே வைத்துத் தானே ஒருமுறை பார்த்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

ஆயம்மா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, “இன்னா பாப்பா இது? தம்பி கப்பலேறிப் போயி மாட்டுத் தோலயா ஊற வெக்கிது?” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. “தோல் வேல செய்யற அந்தத் தெருக்காரங்க கோயில்ல நம்ம பக்கம் வந்து நின்னாலே எழுந்து போறவன் நான். அந்த வேலைய எம் புள்ள செய்யறானா?” என்கிறார். அதற்கு மேல் உன் பெயரைச் சொல்வதில்லை.

பொய் சொல்லமாட்டேன். எனக்கும் குமட்டியது. உன் கையை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது. காரைக்காலில் தெரிந்தால் இந்த இடமும் போய்விடும். உனக்குக் கோடிப் புண்ணியம், சாயத்துக்கே போய்விடு. நிறமும் ரசாயனம்தானே?

அக்கா


லியோன்,
6 ஏப்ரல் 1935

அக்கா,

என் கடிதத்தைத் தொட்டதற்குக் கை கழுவினாரா? அந்த வரியை நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கையைக் கூப்பிக்கொண்டுதானே ஞாயிறுதோறும் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறார்? அவர் கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் சப்பாத்து எதில் செய்தது? சப்பாத்துக்கு இல்லாத தீட்டு மகனுக்கா?

உனக்கும் குமட்டியது என்று எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். மாற்றமாட்டேன். அப்பாவோடு நீ எனக்காகச் சண்டை போட வேண்டாம். காரைக்காலிலிருந்து கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடு. என் தம்பி தோல் படிக்கிறான் என்று ஒரே ஒரு தடவை, வாய் திறந்து சொல். அதனால் உன் கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க உரிமையும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்த வீட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தனிஸ்லாஸ்


புதுச்சேரி,
12 ஜூன் 1935

தம்பி,

அப்பாவுக்குத் தெரியாமல் இதை ஆயம்மாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கிறேன். எப்படிச் சுற்றி எழுதினாலும் வரவில்லை. நேராகவே சொல்கிறேன். இந்த ஊரில் நீ செத்துப்போய்விட்டாய்.

போன மாதம் காரைக்கால் அத்தை தேதி குறிக்க வந்தார். காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். “பிரான்சுல இருக்கிற தம்பி ஏதோ தோலு வேல கத்துக்குதுன்னு காதுல விழுந்துச்சே, நெசமா?” என்றார். அப்பா காப்பியைக் கீழே வைத்தார். “அவன் தவறிட்டாம்மா. நிமோனியா. தந்தி வந்துச்சு. நல்ல காரியம் பேசற நேரத்துல சொல்ல வாய் வரல” என்றார்.

என் கையிலிருந்து தம்ளர் விழுந்தது. துக்கத்தில் விழுந்தது என்று நினைத்து அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆத்துமத்துக்குப் பூசை வெச்சீங்களா? அத முடிக்காம கல்யாணம் எப்படி? நாங்களும் வந்து நிக்கறோம்” என்றார். அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய்யோடு முடியும் என்று நினைத்திருப்பார். இப்போது சாமியாரிடமும் அதையே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

போன வியாழக்கிழமை பாட்டுப் பூசை. நடுக்கோயிலில் வெறும் பெட்டி, மேலே கறுப்புத் துணி, சுற்றிலும் மெழுகுத்திரி. சாமியார் உன் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். உனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த வாத்தியார் தேம்பித் தேம்பி அழுதார். அப்பாவும் அழுதார், தம்பி. நடிப்பில்லை. நிஜமாகவே அழுதார். 

பூசை முடிந்து வாசலில் அத்தை என் கையைப் பிடித்துத் தனியாக அழைத்துப் போனார். “நீ சொன்னா நம்புவேம்மா. அந்தத் தோலு சமாச்சாரம் பொய்தானே?” என்றார். அப்பா தூரத்தில் ஆட்களோடு நின்றிருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. என்னைத் தடுக்க யாருமில்லை. நீ கேட்டுக்கொண்டதும் அப்போது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

“அவன் சாய வேலதான் படிச்சான்” என்றேன்.

என் குரல் நடுங்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. உன்னைச் சாகடித்தவர் என்று அப்பாவோடு அத்தனை நாளும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், “சோறு போடட்டுமா?” என்று நானாகவே கேட்டேன்.

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது வரும் ஞாயிறு. அதற்கடுத்த திங்கள் கல்யாணம். அவர் நல்லவராகத்தான் தெரிகிறார்.

நீ நன்றாகப் படி. உடம்பைப் பார்த்துக்கொள். இனி நான் இருக்கப்போகும் காரைக்கால் வீட்டு விலாசத்தை இதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று அப்பா சொல்லவில்லை, தம்பி. நானாகத்தான் எழுதவில்லை.

ஸ்டெல்லாமேரி