மற்றக் கண்ணுக்கு என்ன தெரிகிறது

பதுளை
ஞாயிறு காலை

அன்பு மகள் றின்ஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் இருமலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், குளிரைத் தவிர அங்கேயும் எல்லாம் சுகமாக இருக்க வேண்டுமென்று துஆச் செய்கிறேன். ஹனாவுக்குப் பல் விழுந்த படம் கிடைத்தது, வாப்பா அதை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி கடைசியில் வெறும் ஓட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மழை விட்டபாடில்லை, துணி காய மூன்று நாளாகிறது. என் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தால் குறை நினைக்காதே, வலது கண் இன்னும் பழையபடியேதான் இருக்கிறது. ஆமாம் மகள், ஒப்பரேஷன் நடக்கவில்லை. பதறாதே, எனக்கு ஒன்றுமில்லை, வேறு தேதி தந்திருக்கிறார்கள். ஃபோனில் சொன்னால் நீ பாதியிலேயே கோபப்பட்டு மற்றப் பாதியைக் கேட்க மாட்டாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெருநாளன்று பேசும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உம்மா, நாங்கள் செலவு செய்து கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணைச் செய்துவிடத் தயாராக இருக்கும்போது நீங்கள் போய் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் ஓரிடத்தைப் பிடிப்பது நியாயமா, அது வேறு வழியே இல்லாத ஒரு ஆளுடைய இடமில்லையா என்று. இங்கிலாந்தில், லெஸ்டர் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நோயாளிகளுக்குத் தேதி கொடுக்கிற வேலையில் இருக்கிறவள் நீ, வாய்க்கு வந்தபடி கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று நான் பதில் சொல்லாமல் ஹனாவைக் கூப்பிடு என்றேன். பிறகு பல நாள் அந்தக் கேள்வியோடுதான் சமைத்தேன், தொழுதேன், படுத்தேன். மலைக்கு மேலே நான் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியாது. டீச்சர்மார் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோன காலமெல்லாம் அந்தக் குழாய் கலங்கல் தண்ணீரைத்தான் கக்கியது. புதிதாக வந்த அதிபர் டீச்சர்மாரும் அதிலேதான் குடிக்க வேண்டும் என்றார், அந்த மாதமே வடி போட்டுச் சுத்தம் செய்தார்கள். இந்த உதாரணத்தைத்தான் உனக்குப் பதிலாக எழுத நினைத்திருந்தேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு அது பாதிப் பதில்தான் என்று தெரிகிறது.

செவ்வாய்தான் எனக்கு ஒப்பரேஷன் நாள். கண் வார்ட்டுக்கு முன்னால் இருக்கிற நீளமான நடையில் வாங்கு போட்டு எங்களை வரிசையாக உட்கார வைத்து, வெட்டப்போகிற கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி மிஸ் பெயர் கூப்பிட்டபோது பெரியாயி என்ற பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாராவது வராவிட்டால் எடுப்பதற்காக வரச்சொல்லி வைத்திருந்த ஹல்துமுல்லையில் மரக்கறி பயிரிடுகிற கமக்காரர் குணபாலவை அந்த இடத்தில் உட்கார வைத்தார். மனுசன் அதற்கு முன்னும் இப்படி வந்து சும்மா திரும்பிப் போனவராம், பிளாஸ்டர் ஒட்டியதும் பரிசு கிடைத்த மாதிரித் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் பஸார் ஸமீம் நானா, உன் கல்யாணப் புடவை எடுத்தோமே அந்தக் கடைக்காரர்தான். வாயை மூடவே மாட்டார் என்று உனக்குத் தெரியும், அன்றும் மூடவில்லை.

என்னோடு வந்து, தேத்தண்ணி வாங்கப் போத்தலோடு போன வாப்பாவைக் காணவில்லையே என்று நான் வெளியே எட்டிப் பார்த்தபோது, சுவரோரம் ஒரு பெண் நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டேன். நான் பெரியாயிங்கம்மா, பூனாகலையில மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுருச்சு, எறங்கி அடுத்த வீட்டுப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நடந்து வேற வண்டி புடிச்சு வந்தேன், வந்து சேர்றதுக்குள்ள பேரு கூப்பிட்டு முடிஞ்சிருச்சுங்களாம் என்றாள். உள்ளே போய்ச் சொன்னீங்களா என்றால், என்னத்தைச் சொல்றதுங்க, பேரு போனா போனதுதானே, கடைக்குப் போன புள்ள வரட்டும், மழ விட்டதும் போகலாம்னு உக்காந்திருக்கேன் என்கிறாள். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, காரணம் சொன்னாலும் கேட்க ஆளில்லை, திரும்பி லயத்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆஸ்பத்திரியும் அதே சட்டம் என்று அவள் நினைத்துவிட்டாள். ஒரு கண் எப்போதோ போய்விட்டதாம், மற்றதிலும் படலம் மூடிவிட்டது. கொழுந்தோடு முத்தல் இலையையும் சேர்த்துப் பறிக்கிறே, கண்ணைச் சரி பண்ணாமல் அடுத்த மாதம் பெரட்டுக்கு வராதே என்று கங்காணி சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை மகள், குரல் வந்த பக்கமாகச் சொன்னாள்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அதோடு நடையில் பெரிய வழக்கே தொடங்கிவிட்டது. ஸமீம் நானா பாய்ந்தார், இதென்ன டீச்சர் கல்யாண வீடா, பிந்தி வந்தவங்களுக்கும் ஒரு சஹன் சோறு வைக்கச் சொல்ல, அந்தக் கமக்காரனுக்குக் கொடுத்த இடத்தைப் பறிக்கப் போறீங்களா, நேரத்துக்கு வந்தவனுக்கு ஒரு சட்டம் வராதவனுக்கு ஒரு சட்டம் என்றால் நாளைக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வர மாட்டாங்க என்று. மலை சரிஞ்சதுக்கு இவ என்ன செய்வா என்று ஒரு அம்மா கேட்டாள். மலை ஒவ்வொரு மழைக்கும் சரியுது, அதுக்காகக் கண் வார்ட்டும் சரியணுமா என்றார் அவர். குணபாலவுக்குச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழும்பி, நான் போகிறேன், என் மனுசியைப் பார்க்க ஒரு கண்ணே அதிகம் என்றார், நடை முழுக்கச் சிரிப்பு. பின்னால் நின்ற அவர் மனுசி சிரிக்கவில்லை, பஸ்ஸிலே விழுந்து விழுந்து வந்தது இதற்கா, பேசாமல் உட்காரும் என்று சாரத்தைப் பிடித்து இழுத்தாள். நான் யோசிக்கவேயில்லை, என் இடத்தைப் பெரியாயிக்குக் கொடுக்கிறேன் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். அந்த மிஸ் என்னைப் பார்த்த பார்வை, நான் பிள்ளைகளைப் பார்த்த பார்வை மகள். டீச்சர், உங்கட இடத்தை நீங்க எடுக்கலாம், இல்லாட்டி விடலாம், கொடுக்க ஏலாது, கொடுக்கிறது எங்கட வேலை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த ஆளுக்கு நான் கொடுத்தால் நாளைக்கு இன்னொருவர் தன் மச்சானுக்குக் கொடுப்பார் என்றும் சொன்னார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டொக்டர் வந்தார். உன்னைவிட வயது குறைந்த பெண், காலில் றப்பர்ச் செருப்பு, முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிகிறது. மிஸ் சொன்னதை முழுக்கக் கேட்டார். யார் செய்ததும் பிழை என்று சொல்லவில்லை, யாருக்கும் பாவம் பார்க்கவும் இல்லை. நேரே வரிசையின் தலைக்குப் போய், பிளாஸ்டர் ஒட்டிய கண்ணைக் கையால் பொத்துங்க, மற்றக் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு எதிர்ச் சுவரில் ஒரு கலண்டர். படிப்பித்த பழக்கம், பரீட்சை என்றதும் உசாராகிவிட்டேன், தேதி, போயா லீவு, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் வரைக்கும் கடகடவென்று வாசித்துக் காட்டினேன். குணபாலவுக்கு எழுத்துத் தெரியவில்லை, கதவும் ஆட்களும் தெரிந்தன. பெரியாயி, வெளிச்சம் இருக்குதுங்க என்றாள், அவ்வளவுதான்.

ஸமீம் நானாவிடம் வந்தார், எத்தனை விரல் என்றார். நானா தயங்காமல் மூன்று என்றார். டொக்டர் கையை நீட்டவேயில்லை றின்ஸா. இரண்டு கையும் சட்டைப் பையில்தான் இருந்தன. வரிசையில் யாரோ, கையே காட்டலையே நானா என்று சொல்லிவிட்டார்கள். பிறகுதான் நானா மெதுவாகச் சொன்னார், கிளினிக்கில் முன்னால் நிற்கிறவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே எழுத்துப் பலகையைப் பாடமாக்கி வைத்திருந்தாராம். தெரியவில்லை என்றால் மகன்மார் கடைச் சாவியை வாங்கிவிடுவார்கள் என்ற பயம். புடவையையெல்லாம் தட்டில் ஒரே ஒழுங்கில் வைக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்தே நிறம் சொல்லி விற்றுக்கொண்டிருந்திருக்கிறார். வரிசை கலைந்தால் தன் இடமும் போய்விடும் என்ற பயத்தில்தான் அவ்வளவு சட்டம் பேசியிருக்கிறார். நானோ அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்று மனதுக்குள் முடிவு கட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை என்பதைக்கூடக் காணாமல் இருந்தேன்.

டொக்டர் புது ஒழுங்கைச் சொன்னார். பெரியாயியும் ஸமீம் நானாவும் முதலில், குணபால அவர் இடத்திலேயே. யாராவது ஒருவர் பிந்தத்தானே வேண்டும், மற்றக் கண் எல்லாரையும்விட நன்றாக இருந்தது எனக்கு. டீச்சருக்கு வேறு தேதி என்றார். நன்றாக வாசித்ததற்காகக் கடைசிக்குப் போடுகிற பரீட்சையை என் வயதில் அங்கேதான் பார்த்தேன். சற்று முன் நான் பெரிய மனதோடு நீட்டிய அதே இடம்தான், ஆனால் இப்போது அதை யாரும் தர்மமாகக் கொடுக்கவில்லை, பெரியாயி யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதுமில்லை, அவளுக்கு உரியது அவளுக்கு வந்தது. அவ்வளவு வருஷமும் பிள்ளைகளை உயரத்தின்படி உட்கார வைத்தவள் நான், குட்டையானவர்கள் முன்னுக்கு, நெட்டையானவர்கள் பின்னுக்கு, ஒருவரும் குறை சொல்ல முடியாத நியாயம். ஆனால் கண் தெரியாத நெட்டைப் பிள்ளைக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? நியாயம் ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம் என்று இரண்டு சாமான் மாதிரி நினைத்திருந்தேன். ஒரே கேள்வியில் இரண்டும் இருந்ததை அந்தச் சின்னப் பெண் கையைப் பையில் வைத்துக்கொண்டு காட்டிவிட்டுப் போனாள். இன்னொன்றையும் யோசித்துப் பார். தோட்டத்து ஆள், பஸார் முதலாளி, சிங்களக் கமக்காரர், பென்ஷன் டீச்சர், எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து ஒருவரோடொருவர் வாதாடினோம். எல்லாருக்கும் சொந்தமான இடம் என்பதால்தானே அப்படி வாதாட முடிந்தது? கொழும்பில் நான் தனியறையில் படுத்திருந்தால் இந்தக் கேள்வி யாருக்கு வந்திருக்கும்?

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த வரிசையில் நான் இருப்பது நியாயம், ஆனால் முன்னுக்கு இருப்பது நியாயமில்லை. பாதி நீ சரி, பாதி நான் சரி, நாம் ஒரு சண்டையை இப்படிச் சமமாக முடித்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் நானும் வாப்பாவும் இடியப்பமும் சொதியும் கொண்டு போனோம், பாதை இன்னும் திறக்காததால் பெரியாயி வீட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை. அவள் கண் கட்டைப் பிரித்திருந்தார்கள். அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் கொழுந்துக் கறை, இவ்வளவு கறுத்துப் போச்சா என்றாள். ஜன்னலால் நமுனுகுல மலை தெரிந்தது, அதைப் பார்த்தாள், பிறகு ஃபேனைப் பார்த்தாள், எல்லாவற்றையும் ஒரே ஆசையோடு பார்த்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பி, இந்த முறை என் முகத்தைப் பார்த்து, ஐயோ டீச்சரம்மா, கொரலக் கேட்டு சின்ன வயசுன்னுல்ல நெனச்சேன் என்றாள். வாப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது, இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுகிறார். ஆண்கள் பக்கம் ஸமீம் நானா உட்கார்ந்து மகனை ஏசிக்கொண்டிருந்தார், இந்தப் பச்சைச் சட்டையை எனக்கு உடுத்தியது யார், இதை விற்கவே கூசுவேன் என்று. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏச்சு வாங்கினான். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

என் தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, அதுவரைக்கும் கொழும்பு கொழும்பு என்று வாப்பாவைத் தொந்தரவு பண்ணாதே. தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிடுகிறேன், அவ்வளவுதான் கஷ்டம், மேசைக்கும் தாகம் என்கிறார் அவர். நீ கம்பளி இல்லாமல் வேலைக்குப் போகாதே, மருமகனுக்கு என் ஸலாம் சொல்லு, ஹனா ஓதுவதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நல்ல சுகத்தையும், உன் கையால் தேதி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நோய் தீர்க்கும் ஷிஃபாவையும் தரட்டும்.

பிந்திப் போட்டுவிட்டார்களே என்று என்மேல் பரிதாபம் வந்தால், ஒரு கோப்பையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார், முதலில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பிறகு இரண்டையும் பொத்திக்கொண்டு.

உன் உம்மா,
ஹம்ஸியா இத்ரூஸ்